திங்கட்கிழமை நெஞ்சு

திங்கட்கிழமைகளில் அந்தத் தெரு வேறு மாதிரி இருமும். மற்ற நாள்களில் அங்கே இருமல் பேச்சோடு பேச்சாக வந்துபோகும் சங்கதி. டீக்கடையில் ஒருவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, இருமி, துப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவார். கேட்கிறவரும் பொறுமையாகக் காத்திருப்பார். திங்கட்கிழமை பகல் ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் பேசவே மாட்டார்கள். நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதுபோலத் தோளை முன்னால் வளைத்துக்கொண்டு, சுவரோரமாக நடந்து வருவார்கள். ஞாயிறு ஒரு நாள் நல்ல காற்றைக் குடித்துவிட்டு மறுநாள் பஞ்சுத் தூசிக்குள் போனால் நெஞ்சு கோபித்துக்கொள்ளும், செவ்வாய் புதனில் சமாதானமாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அதற்குத் திங்கட்கிழமை நெஞ்சு என்று அவர்களாகவே பேர் வைத்திருந்தார்கள். டாக்டர்களின் புத்தகத்திலும் ஏறக்குறைய அதே பேர்தான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

நான் அங்கே போனது பல்கலைக்கழகத்து வேலையாக. இரண்டு வருஷத்துக்கான தற்காலிக வேலை. பல்கலைக்கழகமும் நூற்பாலையும் அரசாங்கமும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி அது. ஆலையின் கார்டிங் ஹாலில், பஞ்சைச் சீவி இழையாக்கும் இடத்தில், தூசியை உறிஞ்சுகிற ஒரு இயந்திரம் வைத்திருந்தார்கள். பல்கலைக்கழகம் வரைந்தது, ஆலை செய்து மாட்டியது, அரசாங்கம் மேற்பார்வை. தூசி குறைந்தால் தொழிலாளிகளின் மூச்சு தேறுகிறதா என்று அளக்க வேண்டும். தேறினால் நாட்டிலுள்ள எல்லா ஆலையிலும் அதே இயந்திரத்தைக் கட்டாயமாக்குவார்கள்.

கூரையிலிருந்து ஒவ்வொரு மெஷின் தலைக்கு மேலும் மடிப்பு மடிப்பாகக் குழாய் இறங்கியிருக்கும். முதல் நாளே அதற்குத் தும்பிக்கை என்று பேர் விழுந்துவிட்டது. எனக்கு விழுந்த பேர் ஊதல் டீச்சர். நான் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. என் பையில் நாற்பது பிளாஸ்டிக் மீட்டர்கள் இருக்கும். ஒரு முனையை வாயில் வைத்து, மூச்சை நன்றாக இழுத்து ஒரே மூச்சில் ஊதினால் முள் நகர்ந்து ஒரு எண்ணில் நிற்கும். அவ்வளவுதான். கடைசி மூன்று மாதம் தொழிலாளிகளே வீட்டில் காலையும் மாலையும் ஊதி, அட்டையில் எழுதிவைக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் வீடு வீடாகப் போய் அட்டையைப் பார்த்து, அடியில் கையெழுத்துப் போடுவது என் வேலை.

அப்படித்தான் மாப்பிள்ளை வீடு எனக்குப் பழக்கம். ஆலை முழுக்க அவருக்கு அதுதான் பேர். நாற்பத்தேழு வயது. தூசிக்குள் போகிற ஆள், சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, கல்யாணத்துக்குக் கிளம்பியவர்போலத்தான் ஷிப்டுக்குப் போவார். இருபத்து மூன்று வருஷமாகக் கார்டிங். அவர் மனைவி அதே ஆலையில் வைண்டிங்கில், நூலைக் கூம்புகளில் சுற்றும் பிரிவில், இருந்தாள். அவளை நான் அக்கா என்பேன். ஒரே மகள் வெளியூர் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். முடிய இன்னும் ஒன்றரை வருஷம்.

நான் போகும்போதெல்லாம் மாப்பிள்ளை வாசலில் நின்றுகொண்டிருப்பார். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்து நிற்பார். உட்கார்ந்தால் மூச்சு அடைக்கிறது என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

"வாங்க டீச்சர். அட்டை உள்ள இருக்கு. எல்லாம் அவகிட்டதான்" என்பார்.

"நீங்க ஊதினத நீங்கதானே எழுதணும் அண்ணே?"

"என் கையெழுத்தப் பாத்தா உங்க பேராசிரியர் மயக்கம் போட்டு விழுந்துருவாங்க. அவ எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்."

உண்மையில் அச்சடித்த மாதிரிதான் இருக்கும். காலை 380, மாலை 375. காலை 385, மாலை 380. அவ்வளவு வருஷம் கார்டிங்கில் இருந்தவருக்கு அது நல்ல எண். திங்கட்கிழமைகளில் மட்டும் மாலை எண் தொபுக்கென்று இறங்கும். 310, 305. ஒரு வாரம் 295. செவ்வாயிலிருந்து படிப்படியாக ஏறிவிடும்.

கார்டிங் ஹாலின் மற்ற அட்டைகளில் இந்த இறக்கம் அநேகமாக நின்றுபோயிருந்தது. தும்பிக்கை வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. ஆலை மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பிஸ்கட் தட்டை நீட்டினார். மேற்பார்வைக்கு வரும் தொழிலாளர் நல அதிகாரி, அறிக்கை எப்போது எப்போது என்று பேராசிரியருக்குப் போன் செய்துகொண்டிருந்தார். பேராசிரியர் நுரையீரல் டாக்டர், ஐம்பது தாண்டிய அம்மாள், லேசில் சிரிக்கமாட்டார். அவரே ஒருநாள் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, "பரவாயில்லயே" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

ஆனால் மாப்பிள்ளையின் அட்டையில் அவர் விரல் நின்றுவிட்டது.

"எல்லாருக்கும் நின்னுபோச்சு, இவருக்கு மட்டும் ஏன் திங்கக்கிழம இறங்குது? அதுவும் மாசத்துக்கு மாசம் கூடுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. பெரிய மெஷின்ல ஒருதரம் பாத்துரலாம்."

மாப்பிள்ளை லேசில் வரவில்லை. முதல் வாரம் லீவு இல்லை என்றார். இரண்டாம் வாரம் சட்டை வெளுப்புக்குப் போட்டிருப்பதாகச் சொன்னார். மூன்றாம் வாரம் பேராசிரியரே ஆலைக்குக் கடிதம் கொடுத்து, மேனேஜரே அனுப்பிவைத்தார். ஒரு வியாழக்கிழமை. வெயில் தகரம் மாதிரி அடித்த நாள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை இருநூறு அடி இருக்கும். அதற்குள் மூன்று இடத்தில் நின்றார். ஒவ்வொரு முறையும் செருப்பு வாரைச் சரி செய்வதுபோலக் குனிந்தார். மூன்றாவது முறைதான், வார் சரியாகவே இருப்பதைக் கவனித்தேன்.

பெரிய மெஷினில் ஐந்து தடவை ஊதச் சொன்னார்கள். 220. 215. 220. அதற்கு மேல் முள் நகரவில்லை. ஊதி முடித்ததும் முகம் வெளிறி, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

பேராசிரியர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏறி இறங்கறதெல்லாம் ஆரம்பத்துல. இவர் நெஞ்சு அந்தக் கட்டத்தையெல்லாம் தாண்டி ரொம்ப நாளாச்சு. இனிமே இவருக்குத் திங்களும் ஒண்ணுதான், வெள்ளியும் ஒண்ணுதான். அப்ப இந்த அட்டைல ஊதியிருக்கறது யாரு?"

பன்னிரண்டு வாரத்து அட்டையிலும் அடியில் என் கையெழுத்து இருந்தது.

"நாளைக்கு அறிக்கைல மூணு தரப்பும் கையெழுத்துப் போடறோம். இன்னிக்கே போய்க் கேட்டுட்டு வா" என்றார்.

மாப்பிள்ளையோடு பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போனபோது அக்கா ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைக்கூட எடுக்காமல், அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீடு இரண்டு அறைதான். முன்னறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, மகளின் பள்ளிக்கூடப் படம். பின்னறையில் அடுப்பு. மாப்பிள்ளை உள்ளே வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தார். நாலடி அந்தப் பக்கம், நாலடி இந்தப் பக்கம்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"இருநூத்தி இருபது" என்றேன்.

அவள் கை நின்றது. முட்டையின் பாதி ஓடு விரலில் ஒட்டியிருந்தது.

"அக்கா, அந்த அட்டைல எழுதினதெல்லாம் யாரோட நம்பர்?"

"அவரோடதுதான்."

"அக்கா."

"உக்காருங்க டீச்சர். முட்ட சாப்பிடுங்க."

"நான் சாப்பிட வரல."

மாப்பிள்ளை நடையை நிறுத்தாமல் சொன்னார். "சொல்லிரு. எதோ மனசுக்குத் தோணினத எழுதினேன்னு சொல்லிரு. என்ன பண்ணிருவாங்க."

"மனசுக்குத் தோணினத எழுதல" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஊதித்தான் எழுதினேன்."

மாப்பிள்ளை நின்றார்.

"மொத வாரம் நீங்க ஊதினீங்க. இருநூத்தி முப்பதுன்னு வந்துச்சு. மீட்டரத் தூக்கி வீசினீங்க. அதுக்கு முந்தின வாரந்தான் பஞ்சு பேல் உடைக்கிற நம்ம சாமியார ‘வீட்ல போய் ரெஸ்ட் எடு’ன்னு அனுப்பிட்டாங்க. நம்பர் கொறஞ்சா மில் கேட்டுக்கு வெளியன்னு ஊரே பேசுது. நான் என்ன பண்றது? காலைல ஒலை வைக்கறப்ப ஒருதரம், ஷிப்ட் முடிஞ்சு வந்து மூஞ்சி கழுவறதுக்கு முன்னாடி ஒருதரம் நானே ஊதினேன்."

"நீ ஊதினியா?" என்றார் அவர். "சும்மா எழுதறேன்னுதானே நெனச்சேன்."

"சும்மா எழுதினா கண்டுபிடிச்சிருவாங்க. கூட்டி எழுதினா பொய்யாயிரும், கொறச்சு எழுதினா உங்களுக்கு ஆபத்து. அதான் ஒரு நல்ல நெஞ்சுல ஊதி வந்தத வந்தபடி எழுதினேன். ஒரு நம்பர்கூட மாத்தல டீச்சர், எம் பொண்ணு மேல சத்தியமா."

பொய்யைக்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. அடுத்த நொடி அந்தத் திங்கட்கிழமை எண்கள் நினைவுக்கு வந்தன. பையிலிருந்து அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தேன். திங்கட்கிழமை மாலை 310. 305. 295.

"அக்கா, திங்கக்கிழம ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கும்? அலுப்பா இருக்கும். ஞாயித்துக்கிழம பூரா துணி தொவைக்கிறது, வீடு கழுவறது. நெஞ்சு கொஞ்சம் இறுக்கமா இருக்கும். எங்க ஹால்ல எல்லாப் பொம்பளைங்களுக்கும் அப்படித்தான். ரெண்டு வாழப்பழம் சாப்பிட்டா சரியாப் போயிரும்."

"எவ்வளவு நாளா?"

"வருஷம் ஒண்ணு ஒண்ணரை இருக்கும். முன்னாடி இல்ல."

மாப்பிள்ளை நடந்து வந்து அட்டையை எடுத்து, கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு எண்கள் தெரியும். இருபத்து மூன்று வருஷம் அந்தக் கார்டிங் ஹாலில் திங்கட்கிழமை நெஞ்சோடு வேலை செய்தவர்.

"இது எனக்கு முதல் அஞ்சு வருஷத்துல வந்தது" என்றார். "ஏய், இது உனக்கா?"

"எனக்கென்ன. நான் வைண்டிங். எங்க ஹால்ல தூசியே கிடையாதுன்னு எல்லாரும்தான் சொல்றாங்க."

"என் பேர்ல உன் மூச்ச எழுதி வச்சிருக்க. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"நீங்க மட்டும் சொன்னீங்களா? செருப்பு வாரு செருப்பு வாருன்னு எத்தன நாளா குனியிறீங்க? எனக்குக் கண்ணில்லன்னு நெனச்சீங்களா?"

அன்று முதல்முறையாக அவர் வீட்டில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். கட்டிலின் விளிம்பில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. அக்கா முட்டையை அவர் கையில் வைத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆலையின் விருந்தினர் அறையில் கூட்டம். நீள மேஜை, மூன்று தரப்புக்கும் மூன்று கோப்பு, மூன்று பேனா. படம் எடுக்க ஒருவர் வந்திருந்தார். பேராசிரியரிடம் நான் முந்தின நாளே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் "காலைல பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அக்காவிடமும் கூட்டம் எத்தனை மணிக்கு என்று சொல்லியிருந்தேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. என் வேலை போகப்போகிறது என்பது உறுதியாகிவிட்டதால் வந்த துணிச்சலாக இருக்கலாம்.

பேராசிரியர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். மேனேஜர் பிஸ்கட் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"ஒரு அட்டை பொய். சரி, அத எடுத்துருங்க. மிச்சம் முப்பத்தொம்போது இருக்கே?"

"எடுக்கத்தான் வேணும்" என்றார் பேராசிரியர். "வேற ஆள் ஊதினத வச்சுக்க முடியாது. அது ஆராய்ச்சியோட விதி."

"அப்ப பிரச்சினை முடிஞ்சுது" என்றார் அதிகாரி. பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். "நான் மதியத்துக்குள்ள தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாகணும்."

அப்போது கதவு தட்டப்பட்டது. வேலை நேரத்து நீலச் சட்டையோடு அக்கா நின்றாள். பின்னால், இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை. மாடிப்படி ஏறி வந்ததில் அவருக்குப் பேச்சு வரவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஷிப்ட் நேரத்துல இங்க என்னம்மா?" என்றார் மேனேஜர்.

"அந்த அட்டைய எழுதினது நான்தாங்க. பண்ணினது தப்பு. என்ன நடவடிக்கையோ எடுத்துக்கங்க. ஆனா அட்டையத் தூக்கிப் போட்டுறாதீங்க. அது என் நெஞ்சு."

"இந்த ஆராய்ச்சி கார்டிங் ஹாலுக்கும்மா" என்றார் அதிகாரி, கொஞ்சம் தணிவாகவே. "வைண்டிங் இதுல சேத்தியில்ல."

"தெரியுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தும்பிக்கை தூசியை இழுக்குது. இழுத்து எங்க விடுது?"

மேனேஜர் சிரித்தார். "ஃபில்டர் துணி இருக்கு. அது பிடிச்சுக்கும்."

"பொடித் தூசியுமா?"

மேனேஜர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் கோப்பைப் புரட்டி வரைபடத்தை எடுத்தார். "பொடித் தூசி கொஞ்சம் வெளிய வரும். அது கூரைக்கு மேல இருபதடி உசரத்துல போயிரணும். எங்க வரைபடத்துல அப்படித்தான் இருக்கு."

"இருக்கு" என்றார் மேனேஜர். "ஆனா சுவருக்கு இந்தப் பக்கம் வரைதான் மெஷின். அந்தப் பக்கம் கட்டட வேலை. மெஷின மட்டுந்தான் நாங்க ஒத்துக்கிட்டோம். கட்டட வேலை அரசாங்கத் தரப்புன்னு சொன்னாங்க."

"யார் சொன்னது?" என்றார் அதிகாரி. "கட்டடம் உங்களது. உங்க கட்டடத்துல நாங்க எப்படிக் கை வைக்கிறது? நாங்க பல்கலைக்கழகம் பாத்துக்கும்னு நெனச்சோம்."

"நாங்க வரைஞ்சு குடுத்தோம். மாட்டியாச்சுன்னு மூணு பேரும் கையெழுத்துப் போட்ட தாள் இதோ இருக்கு. நானும் போட்டிருக்கேன்." பேராசிரியரின் குரல் கடைசியில் இறங்கிவிட்டது. "நான் ஹாலுக்குள்ள வந்து பாத்தேன். பின்பக்கம் போய்ப் பாக்கல."

"வாங்க, காட்டறேன்" என்றாள் அக்கா.

எல்லோரும் இறங்கிப் போனோம். மாப்பிள்ளையும் வந்தார், கடைசியாக, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து. கார்டிங் ஹாலுக்கும் வைண்டிங் ஹாலுக்கும் நடுவே ஒரு சந்து. வண்டிகூட நுழையாது. கார்டிங் சுவரிலிருந்து ஒரு தகரக் குழாய் தலைக்கு மேலே ஓரடி நீட்டி, வாயைப் பிளந்துகொண்டு அப்படியே நின்றிருந்தது. எதிரே நாலடியில் வைண்டிங் ஹாலின் ஜன்னல்கள். வெயிலுக்காக ஏழு ஜன்னலும் திறந்திருந்தன. கம்பிகள், விளிம்புகள், சுவர் எல்லாம் மாவு சலித்த இடம்போல வெளுத்திருந்தன. குழாயிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. ஜன்னல்களுக்கு உள்ளே பெண்கள் கூம்பு மாற்றியபடி எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி ஜன்னல் விளிம்பில் விரலை வைத்து இழுத்தார். விரல் நுனியைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். அவரைப் பார்த்து மேனேஜரும் கையை மூக்குக்குக் கொண்டுபோனவர், ஜன்னலில் இருந்த பெண்கள் பார்ப்பதைக் கவனித்துக் கையை இறக்கிவிட்டார்.

"எத்தன பேர் இந்த ஹால்ல?" என்றார் அதிகாரி.

"முப்பத்தெட்டு" என்றாள் அக்கா. "பகல் ஷிப்டுல மட்டும்."

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் பேச மூச்சு கிடைத்தது. "எங்க ஹால்ல தூசி கொறஞ்சது நெசம் சார். அத நான் மறுக்கல. இத்தன வருஷத்துல இவ்ளோ நல்லா அந்த ஹால் இருந்ததில்ல." நிறுத்தினார். இரண்டு மூச்சு வாங்கினார். "தூசி போன எடம் இவங்க நெஞ்சுன்னு தெரியாம நாங்க சந்தோசப்பட்டுட்டு இருந்தோம்."

அன்றைக்குக் கையெழுத்து விழவில்லை. படம் எடுக்க வந்தவர் பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப்போனார்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் லேசாக நடக்கவில்லை. வைண்டிங் பெண்களை ஆலைக்குள் ஊத வைக்க மேனேஜர் அனுமதிக்க மறுத்தார். புது ஆராய்ச்சிக்குப் புது ஒப்பந்தம் வேண்டும் என்றார். பல்கலைக்கழகத்தில் நெறிமுறைக் குழு கூடி அனுமதி தர இரண்டு மாதமாகும் என்றார்கள். பேராசிரியர் குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் பேசிப் பதினோரு நாளில் வாங்கினார். அவர் யார் வீட்டுப் படியும் ஏறாதவர் என்று பேர் எடுத்தவர். அதிகாரி வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஆலைக்கு எதிரே இருந்த தன் கிளை அலுவலகத்தின் பழைய கோப்பு அறையைக் காலி செய்து கொடுத்தார். அவ்வளவுதான் தன்னால் முடியும் என்றார். அதுவே போதுமானதாக இருந்தது.

நான்கு திங்கட்கிழமைகள். காலை ஆறரைக்கே வரிசை நிற்கும். ஊத வெட்கப்பட்டு ஒருத்தியை ஒருத்தி தள்ளுவார்கள். மிக மூத்த வைண்டர் ஒருத்தி, "வீட்டுக்காரன்கிட்ட கத்தறதுல பாதி இதுல போட்டா மீட்டரே வெடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு ஊதுவாள், வரிசை முழுக்கச் சிரிக்கும். சாயங்காலம் அதே வரிசை வரும்போது சிரிப்பு இருக்காது. தோள்கள் வளைந்திருக்கும். அவர்கள் கண்ணெதிரிலேயே முள் காலையில் நின்ற இடத்துக்குக் கீழே நின்றது. முப்பத்தெட்டு பேரில் பதினான்கு பேருக்கு.

எண்ணை எழுதி முடித்ததும் ஒவ்வொருத்தியும் தன் காலை எண் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போவாள். அக்கா ஊதும்போது மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே நின்று, அவளோடு சேர்ந்து அவரும் மூச்சை இழுப்பார்.

அவர்களுக்கு ஆலை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது, பொய்யான பதிவு என்று. மாப்பிள்ளையைக் கார்டிங்கிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். வெளியே அனுப்பவில்லை. அவருக்குப் போன மூச்சு திரும்பி வரவில்லை, வராது என்று பேராசிரியர் அவரிடமே சொன்னார். மழைக்கு முன்னால் குழாயை நீட்டிக் கூரைக்கு மேல் ஏற்றினார்கள். செலவை மூன்று தரப்பும் எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த மூன்று மாதத்தில் வைண்டிங் ஹாலில் எண்கள் ஏறின. அக்காவின் திங்கட்கிழமை மாலை 360க்கு வந்தது. அறிக்கையில் வைண்டிங்குக்குத் தனி அத்தியாயம் சேர்ந்தது. மாப்பிள்ளையின் பேரில் இருந்த அட்டை மட்டும் விதிப்படி நீக்கப்பட்டது. கையெழுத்து, படம், கைகுலுக்கல் எல்லாம் நடந்தன. என் வேலையும் முடிந்தது. நான் வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உண்மையாகவே டீச்சராகச் சேர்ந்தேன்.

ஐந்தாறு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். நலம் விசாரித்தாள். மகள் கடைசி வருஷம் என்றாள். பிறகு, "டீச்சர், ஒண்ணு கேக்கணும். குழாய மேல ஏத்தினாங்கல்ல, காத்து மாறி ரெண்டு மூணு மாசமாச்சு. இப்ப மேக்கால இருந்து அடிக்குது, நேரா நம்ம தெருவுக்கு. ஈரத் துணிய எடுத்தா வெள்ளையா ஒட்டிக்கிட்டு வருது."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அக்கா, நான் இப்ப அங்க இல்லயே. ஆராய்ச்சியும் முடிஞ்சுபோச்சு. யார் அனுமதி குடுப்பாங்க…"

"அதெல்லாம் அப்புறம். யார்கிட்ட கேக்கறது, மூணு பேர்ல மொதல்ல யாரு, அதெல்லாம் நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன். இப்ப இவர் எதோ சொல்லணுமாம். ஒரு வாரமா வீடு வீடாப் போய்ட்டு வர்றாரு. போகாதீங்கன்னா கேக்கறாரா?"

போன் கை மாறியது. முதலில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

"டீச்சர்… நல்லாருக்கீங்களா? பத்தொன்பது வீடு பாத்துட்டேன். நானே எழுதினேன், என் கையெழுத்துலயே. எந்த வீட்ல எத்தன பேரு, யாருக்கு இருமல், என்னிக்கு அதிகம், ஜன்னல் எந்தப் பக்கம், எல்லாம் இருக்கு. படிக்கட்டுமா?"

மேஜையில் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்கள் கிடந்தன. ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பேனாவைத் தேடி எடுத்தேன்.

"படிங்கண்ணே. மெதுவாவே படிங்க."

"மெதுவாத்தான படிக்க முடியும்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கியது. காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"முதல் வீடு. மூணு பேர். சின்னவளுக்கு ரெண்டு மாசமா…" நிறுத்தினார். நான் காத்திருந்தேன். மூச்சு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.